விண்வெளி மீது இவ்வளவு ஆர்வம் உள்ளவர்களுக்கு விமானத்தில் ஏறப் பயம் இருக்குமா? இருந்தால் அது முரண்பாடு இல்லையா?

இருக்கும். எனக்கு இருக்கிறது. கேள்வி கேட்டவரின் வீட்டிலும் என்னைப் போல ஒருவர் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன்: ராக்கெட் ஏவுதலை நேரலையில் பார்ப்பதற்காக விடிய விடிய விழித்திருப்பார், விமானம் லேசாகக் குலுங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். அவரைக் கேலி செய்ய ஆதாரம் தேடித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால், இதைக் கடைசிவரை படித்துவிட்டுக் கேலி செய்யுங்கள்.

சென்ற ஆண்டு என் அக்கா மகனை அழைத்துக்கொண்டு விமானத்தில் போனேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது, அதுதான் முதல் விமானப் பயணம். ஜன்னல் இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடு இருக்கையில் உட்கார்ந்த நான், வழக்கம்போல முன்னிருக்கையின் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை இரண்டு பக்கமும் படித்தேன். பிறகு எழுந்து திரும்பி, எங்கள் வரிசையிலிருந்து பின்புற அவசர வழி எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எண்ணினேன். ஏழு. என்ன எண்ணுகிறேன் என்று அவன் கேட்டான். உள்ளே புகை சூழ்ந்துவிட்டால் வழிகாட்டும் பலகை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அப்போது இருக்கைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வெளியேறலாம் என்று விளக்கினேன். அவன் சிரித்தான். அடுத்த இருக்கைக்காரரும் சிரித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து விமானம் அடர்ந்த மேகத்துக்குள் நுழைந்து குலுங்கத் தொடங்கியது. நூறடி பள்ளத்தில் விழுந்துவிட்டோம் என்று என் வயிறு சொன்னது. ஆனால் முன்னால் இருந்த குவளையில் தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஏறி இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயணத்தில் எதிர்பார்க்கக்கூடிய உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்கியாக வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கையை உடைகிறவரை வளைத்துச் சோதித்தபோது, அது அந்த உச்சச் சுமையின் 154 விழுக்காட்டில்தான் உடைந்தது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கைகளுக்குத்தான் தெரியவில்லை. இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஜன்னல் பக்கக் கைப்பிடியின் மேல் அவன் கை இருந்தது என்பதை அவன் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"மாமா, ராக்கெட்டப் பத்தி மணிக்கணக்கா பேசுவீங்களே, இதுக்குப் போயா பயப்படுறீங்க?"

நாங்கள் வீடு திரும்புவதற்குள் இந்த வாசகம் குடும்பம் முழுவதும் பரவியிருந்தது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

விண்வெளியை விரும்புகிறவன் ஆபத்தையும் விரும்பியாக வேண்டும் என்ற எண்ணம் திரைப்படங்கள் தந்தது. ராக்கெட்டை நெருங்கிப் படித்தவர்களுக்கு வருவது துணிச்சலைவிட அதிகமாக எச்சரிக்கைதான். ஒரு பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பூமியைச் சுற்றும் விண்கலம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேகம் 31 மடங்கு என்றால், அதே எடைக்கு இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கிளம்பும்போது ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருளும் அதை எரிக்க உதவும் ஆக்சிஜனேற்றியும்தான். மிச்சமிருக்கிற சிறு பங்கில்தான் உலோகமும் கருவிகளும் மனிதர்களும் அடங்க வேண்டும். ஆகவே, விமானத்தில் தருவதுபோலக் கூடுதல் கனத்தைத் தாராளமாகச் சேர்த்துப் பாதுகாப்பு தேட ராக்கெட்டில் இடமில்லை. அமெரிக்காவின் 'ஸ்பேஸ் ஷட்டில்' விண்ணோடங்கள் 135 முறை பறந்தன. இரண்டு அழிந்தன, பதினான்கு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 68 பயணங்களுக்கு ஓர் அழிவு. இந்தக் கணக்கில் பயணிகள் விமானங்கள் பறந்தால் நானும் நீங்களும் பேருந்துக்குத்தான் வரிசையில் நிற்போம்.

நான் பொறியாளன் அல்லன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, எனக்கு இந்த இயந்திரங்களின் வலிமையைக் காட்டிலும், அவற்றைச் சுற்றி மனிதர்கள் எழுதிவைக்கிற காகிதங்கள் மீதுதான் ஈர்ப்பு அதிகம். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை அங்கேதான் பார்க்கிறேன்.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம், தரையிறங்க அனுமதி கிடைத்ததும் உயரத்தைக் குறைத்து ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். எந்த இடத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இருந்த புரிதல் வேறுபாடுதான் காரணம். விசாரணையில் தெரியவந்த இன்னொரு செய்தி அதைவிடக் கொடுமையானது. ஆறு வாரங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே குழப்பத்தில் இதே மலையை நூலிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனத்தாருக்குச் செய்தி போகவில்லை, போவதற்கு ஒரு வழியே அப்போது இல்லை.

அந்த வழியை 1976இல் உண்டாக்கினார்கள். விமானி, கட்டுப்பாட்டாளர், பராமரிப்பு ஊழியர் என யார் வேண்டுமானாலும் தான் செய்த தவறையோ தப்பித்த விபத்தையோ எழுதி அனுப்பலாம். படித்தவுடன் எழுதியவரின் பெயரை நீக்கிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பதால், இந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற பொறுப்பை மூன்றாவது ஆளாக ஓர் அமைப்பிடம் கொடுத்தார்கள். அந்த அமைப்பு நாசா.

எனக்கு ஆறாத இடம் இதுதான். ஊரார் வீட்டுத் தவறுகளைப் பத்து ஆண்டுகளாகப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்த அதே நிறுவனம், தன் வீட்டில் எழுதப்பட்ட எச்சரிக்கைகளைக் காதில் வாங்கவில்லை. 1985 ஜனவரியில் குளிர்ந்த காலையொன்றில் ஏவப்பட்ட விண்ணோடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்களை (துணை ராக்கெட்டுகளை) கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களைத் தாண்டிக் கரி படிந்திருந்தது. அந்தப் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி, இது உயிரிழப்பில் முடியும் என்று அந்த ஜூலையிலேயே எழுதினார். சாலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவில் அவரும் அவருடைய சக பொறியாளர்களும் இந்தக் குளிரில் வேண்டாம் என்று வாதாடினார்கள். 1986 ஜனவரி 28 அன்று உறைநிலையை ஒட்டிய குளிரில் ஏவினார்கள். 73 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. பிறகு விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்தி, பனிக்கட்டி போட்ட தண்ணீர்க் குவளையில் முக்கி எடுத்து, அது குளிரில் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை என்பதை எல்லார் முன்னிலையிலும் காட்டினார். விண்ணோடம் அழிவதற்கான வாய்ப்பு இலட்சத்தில் ஒன்று என்று நிர்வாகமும், நூற்றில் ஒன்று என்று பொறியாளர்களும் மதிப்பிட்டிருந்ததையும் அவர்தான் எழுதிவைத்தார். இலட்சத்தில் ஒன்று என்றால் நாள்தோறும் ஒன்றாக முந்நூறு ஆண்டுகள் ஏவினாலும் ஒன்றைத்தான் இழப்போம். கணக்கு எழுதுகிற எவனும் இந்த எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

இத்தனைக்குப் பிறகாவது திருந்தினார்களா? 2002 அக்டோபரில் ஒரு விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து காப்பு நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து பூஸ்டர் மீது மோதியது. ஒன்றும் ஆகவில்லை என்று தொடர்ந்து பறந்தார்கள். 2003 ஜனவரியில் தொட்டியின் அதே பகுதியிலிருந்து பிய்ந்த துண்டு கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில் மோதியது. விண்வெளியிலேயே இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலே இருந்தவர்கள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் திரும்பி வரவில்லை. அன்று தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக் கோடு வானத்தில் இரண்டாகி, நான்காகி, பலவாகப் பிரிந்ததைப் பார்த்த பள்ளிச் சிறுவன் நான். ஏதோ வாணவேடிக்கை என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திரைப்படத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு, எழுதிவிடுகிறேன். ஒரு வினாடிவினாப் போட்டியில், நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13 விண்கலத்தின் வீரர்கள் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்ன புகழ்பெற்ற வாசகம் எது என்று கேட்டார்கள். "ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டது" என்று இறந்தகாலத்தில் சொன்னேன். 1970 ஏப்ரலில் பதிவான ஒலிநாடாவில் அப்படித்தான் இருக்கிறது. தவறு என்றார் நடத்தியவர். "சிக்கல் இருக்கிறது" என்று 1995இல் வந்த படத்தில் வருவதுதான் அவருடைய தாளில் இருந்தது. அரைப் புள்ளி வித்தியாசத்தில் எங்கள் அணி வெளியேறியது. எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன; இன்னும் பொறுக்கவில்லை. தோல்விக்கு இடமே இல்லை என்ற பொருளில் அதே படத்தில் வருகிற வசனமும் அந்த நாட்களில் யாரும் பேசியதல்ல, படத்துக்காக எழுதியது. தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிவைத்திருக்கிற அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

வசனம் மாறியதுகூடப் பரவாயில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மனத்தில் நிற்பது வீரர்களின் நான்கு நாள் போராட்டம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஏவுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால் நடந்தது. சோதனைக்காக நிரப்பிய ஆக்சிஜன் தொட்டி ஒன்று காலியாக மறுத்தது. உள்ளிருக்கும் சூடேற்றியை எட்டு மணி நேரம் ஓடவிட்டு ஆக்சிஜனை ஆவியாக்கி வெளியேற்றினார்கள். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய தானியங்கிச் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. தரையில் கொடுத்ததோ 65 வோல்ட். அவை உருகி ஒட்டிக்கொண்டன. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த முள் 27 டிகிரிக்கு மேல் காட்டாது. பின்னர் பயணத்தில் வெடித்த அந்தத் தொட்டிக்குள் கம்பிகளின் உறை கருகிக்கொண்டிருந்தது. 27இல் அசையாமல் நின்ற அந்த முள்ளைப் படமாக எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரிகிறது. ஹட்சன் ஆற்றில் 2009இல் 155 பேரையும் உயிரோடு இறக்கிய விமானி பற்றிய படமும் விசாரணை அதிகாரிகளைக் கிட்டத்தட்ட வில்லன்களாகவே காட்டியது. உண்மையான அறிக்கையோ அவர் எடுத்த முடிவு சரி என்றே சொன்னது. குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்கள் என்றுதான் நாம் அவர்களை நினைத்துப் பழகியிருக்கிறோம்.

விமானத் துறையைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்கிறேன் என்று யாராவது கருத்துப் பகுதியில் வந்து கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் ஒரே ரக விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தார்கள். ஒரே ஓர் உணரி (சென்சார்) தந்த தவறான அளவை நம்பி மூக்கைக் கீழே தள்ளுகிற மென்பொருளை வைத்திருந்தார்கள்; முதல் விபத்துக்குப் பிறகும் பறக்கவிட்டார்கள். முதல்முறை நடந்ததைச் சரியாகப் படிக்காவிட்டால் இங்கேயும் அதே கதைதான். மறுபக்கம் விண்வெளித் துறையும் எப்போதும் மோசமில்லை. 2018இல் சோயுஸ் எம்.எஸ்.-10 ராக்கெட் நடுவழியில் உடைந்தபோது மீட்பு அமைப்பு இருவரையும் பத்திரமாகத் தரையிறக்கியது. பூஸ்டரைப் பொருத்தும்போது வளைந்த சிறிய உணரிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஐந்தே மாதத்தில் அதே இருவரும் மறுபடியும் சோயுஸில் ஏறிப் போனார்கள்.

ஆகவே, பயம் இருக்கிறது என்பதே என் பதில். முரண்பாடு என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரிசைகளை எண்ணியதற்குச் சிரித்தவர்களுக்கு 2024 ஜனவரி 2ஐ நினைவூட்ட விரும்புகிறேன்: டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய பயணிகள் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது, சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள், பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் புகைக்கு நடுவே வெளியேறிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது எங்களுக்கு வேறு இருக்கைகள் கிடைத்தன. பெல்ட்டை மாட்டிக்கொண்டு அட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். பையில் அட்டை இல்லை. அவன் ஏற்கெனவே அதை எடுத்து, பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். "முன்னாடி நாலு வரிசை, பின்னாடி ஒம்பது மாமா" என்றான் தலையைத் தூக்காமல். பிறகு தன் பக்கக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.