டில்லிஞ்சர் வேடம் யாருக்குப் பொருந்தியது?

கேள்வி: ஜானி டெப் நடித்த ‘பப்ளிக் எனிமீஸ்’ பார்த்தேன். அமெரிக்க வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சரின் கதை நிஜமாகவே இப்படித்தானா? வேறு படங்களும் உண்டா?

பதில்: இடங்கள் நிஜம், வரிசை நிஜமில்லை. இயக்குநர் மைக்கேல் மான் ரொம்பவே மெனக்கெட்டு விஸ்கான்சினின் லிட்டில் பொஹீமியா விடுதி, டில்லிஞ்சர் தப்பித்த கிரவுன் பாயின்ட் சிறை, கடைசியில் அவனைச் சுட்டுக் கொன்ற சிகாகோ பயோகிராஃப் தியேட்டர் வாசல் என்று சம்பவம் நடந்த இடங்களிலேயே போய்ப் படம் பிடித்தார். அவ்வளவு செய்தவர், அதே காலத்துக் கொள்ளைக்காரர்களான ‘பிரெட்டி பாய்’ ஃபிளாய்டையும் ‘பேபி ஃபேஸ்’ நெல்சனையும் டில்லிஞ்சருக்கு முன்பே சாகடித்துவிட்டார். டில்லிஞ்சர் செத்தது 1934 ஜூலை 22. ஃபிளாய்டு அக்டோபரில், நெல்சன் நவம்பரில்.

எனக்கு அதைவிட உறுத்துவது டெப்பின் அழகுதான். 1934 ஜனவரியில் ஈஸ்ட் சிகாகோ வங்கிக் கொள்ளையில் வில்லியம் ஓமாலி என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார், அந்தக் கொலைக் குற்றச்சாட்டு டில்லிஞ்சர் மேல்தான் இருந்தது, ஆனால் படம் பார்த்து வெளியே வருகிறவர் மனதில் நிற்பது காதலும் கோட்டும் தொப்பியும்தான்.

1945-ல் லாரன்ஸ் டியர்னி நடித்த ‘டில்லிஞ்சர்’ இதற்கு நேர் எதிர். கதையில் பாதிக்கு மேல் கற்பனை, ஆனாலும் அந்த முகத்தில் ஈரமே இல்லை, பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். 1973-ல் ஜான் மிலியஸ் எடுத்த ‘டில்லிஞ்சர்’ படத்தின் வாரன் ஓட்ஸ்தான் என் தேர்வு. முகச்சாயல் அப்படியே இருக்கிறது, அப்புறம் அந்தத் திமிர், பத்திரிகையில் தன் பெயர் வருவதில் உள்ள ஆசை, திடீரென்று வரும் முரட்டுத்தனம் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்கும். தேதி விஷயத்தில் அந்தப் படமும் சுத்தமில்லை. ஆளைப் புரிந்துகொள்ள அதைப் பாருங்கள்.

கேள்வி: மரத் துப்பாக்கியைக் காட்டிச் சிறையிலிருந்து தப்பித்தது உண்மையா?

பதில்: 1934 மார்ச் 3-ல் தப்பித்தது உண்மை. நிஜத் துப்பாக்கியே உள்ளே வந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிறகு அவன் அப்பா வீட்டுக்குப் போனபோது மரத் துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சிரித்தபடி படமும் எடுத்துக்கொண்டான். அவனுக்கு வினையானது சிறையிலிருந்து தப்பித்த கார்தான். ஷெரிஃபின் காரைத் திருடி இண்டியானா எல்லையைத் தாண்டி இல்லினாய்க்கு ஓட்டிப் போனான், திருட்டு காரை மாநில எல்லை கடத்துவது மத்திய அரசுக் குற்றம், அதை வைத்துத்தான் பின்னாளில் எஃப்.பி.ஐ. என்று பெயர் மாறிய துறை அவனைத் துரத்த ஆரம்பித்தது.