தொண்டை வலி வந்த ஓரிரு நாளில் சிறுநீர் சிவப்பது ஏன்?

தொண்டை வலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, 1968இல் பாரிசில் மருத்துவர் ழான் பெர்ஜே விவரித்த ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய்.

தொண்டை, குடல் ஆகியவற்றின் சளிச்சவ்வைக் காக்கும் ஐஜிஏ1 என்ற எதிர்ப்பொருளின் சர்க்கரைச் சங்கிலிகளில் சிலருக்குக் கேலக்டோஸ் குறைந்திருக்கும். அந்தக் குறையுள்ள மூலக்கூறையே அந்நியமாகக் கருதி உடல் இன்னோர் எதிர்ப்பொருளை உருவாக்க, இரண்டும் பிணைந்த கூட்டுகள் இரத்தத்தோடு சென்று சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருளான குளோமருலஸில், நுண்குழாய்களைத் தாங்கும் மெசாஞ்சியப் பகுதியில் படிகின்றன. அங்குள்ள செல்கள் தூண்டப்பட்டுப் பெருகி, அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. இரத்தத்தில் உள்ள, நோயெதிர்ப்புக்குத் துணைநிற்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் சேர்ந்துகொள்ள, வடிகட்டும் சுவர் சிதைந்து சிவப்பணுக்கள் சிறுநீரில் கசிகின்றன.

நிறம் சில நாளில் தெளிந்துவிடுவதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் எனக்குக் கவலை தருவது, கண்ணுக்குத் தெரியாமல் தொடரும் புரதக் கசிவுதான். ஏனெனில் வடிகட்டியைக் காக்கும் போடோசைட் செல்கள் அழிந்தால், அவை எளிதில் மீண்டும் உருவாவதில்லை.