பெண் எழுதினால் கடைசியில் ஒரு ‘ஈ’

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். குடியுரிமைக்காக பிரெஞ்சுத் தேர்வுக்குப் படிக்கிறேன். மனப்பாடம் செய்ய ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையைப் பார்த்து, ‘வந்தேன்’ என்பதற்கு ‘ழ சுயி அரிவே’ என்று எழுதினேன். வகுப்பில் பிழை என்று சுழித்துவிட்டார்கள். என் கணவர் எழுதியபோது சரி போட்டார்கள். ‘சாப்பிட்டேன்’ என்பதும் எனக்கு மாறுமா?

பதில்: மாறாது. ஆனால் சுழித்தது சரிதான். தமிழில் ‘வந்தேன்’ என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று தெரியாது. பிரெஞ்சில் எழுத்தில் தெரிந்தாக வேண்டும். ‘எத்ர்’ (இருத்தல்) என்ற வினை துணைவினையாக, அதாவது ‘சுயி’ என்று வந்தால், பெண்ணுக்குக் கடைசியில் இன்னொரு ‘ஈ’ (e) எழுத்து சேரும். வருவது, போவது, பிறப்பது, விழுவது எல்லாம் இந்த வகை. ‘சாப்பிட்டேன்’ என்ற ‘ழே மான்ழே’யில் துணைவினையாக இருப்பது ‘அவ்வார்’ (உடைமை). யார் சாப்பிட்டாலும் அப்படியே.

சரி, அந்தக் கட்டுரை யார் எழுதிக் கொடுத்தது? 2026 ஜனவரி முதல் குடியுரிமைக்கு பி2 என்ற உயர் இடைநிலை மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். ‘மனப்பாடம் பண்ணுங்கள், பாஸ் நிச்சயம்’ என்று கட்டுரை விற்பவர்களுக்கு நல்ல காலம். நான் பார்த்தவை எல்லாம் ஆண் எழுதியதாகவே இருந்தன. பெண் ஒருவர் அதை அப்படியே இறக்கினால் முதல் பத்தியிலேயே குட்டு உடையும். ‘அரிவே’ காதுக்கு ஒன்றுதான், பேச்சில் தப்பலாம். ‘பதிவு செய்துகொண்டேன்’ என்பதில் ஆணுக்கு ‘ஆன்ஸ்க்ரி’, பெண்ணுக்கு ‘ஆன்ஸ்க்ரீத்’. அது காதில் விழும். சான்றிதழையே வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விலக்கு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘தெசாந்த்ர்’ (இறங்குவது, இறக்குவது) எத்ர், அவ்வார் இரண்டு பக்கமும் போகும். நீங்களே மாடியிலிருந்து இறங்கினால் ‘ழ சுயி தெசாந்த்யு’, ‘ஈ’ உண்டு. குப்பைத்தொட்டியைக் கீழே இறக்கினால் ‘ழே தெசாந்த்யு லா பூபெல்’, ‘ஈ’ கிடையாது. ‘பூபெல்’ பெண்பால் ஆயிற்றே என்று சேர்த்துவிடாதீர்கள். பின்னால் வரும் பொருளுக்காக வினை மாறாது. பெட்டியை மேலே ஏற்றினாலும், நாயை வெளியே கூட்டிப்போனாலும் இதே கதைதான். ‘எதை?’ என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அவ்வார்.

அந்தப் பொருள் வினைக்கு முன்னால் வந்தால் அவ்வாரிலும் மாறும். 2018-ல் பெல்ஜியத்தில் இரண்டு முன்னாள் ஆசிரியர்கள் அந்த விதியையே எடுத்துவிடச் சொன்னார்கள். யார் கேட்டார்கள்! பெரும்பாலும் காதுக்கே எட்டாத ஓர் எழுத்துக்காக, வேலை முடிந்து வந்து படிக்கிறவர்களிடம் மதிப்பெண் பிடிக்கிறார்கள்.

இப்போதைக்கு உங்கள் கட்டுரையில் ‘சுயி’ வரும் இடங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, வினையில் ‘ஈ’ இருக்கிறதா பாருங்கள். கணவரையும் சேர்த்து ‘நாங்கள் வந்தோம்’ என்றால் ‘ஈ’ வேண்டாம், ‘எஸ்’ மட்டும். கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தாலே ஆண்பால்தான்.