கைத்தொலைபேசி ஸ்கேன் கருவியும் காலில் ஓடும் குருதியும்: கேள்வி பதில்

கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறிய ஸ்கேன் கருவியால் குருதியோட்டக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். குருதிக்கலன்களை ஸ்கேன் செய்வது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. வந்த கேள்விகளில் ஒன்று காத்திருக்க முடியாதது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளி: அம்மாவுக்கு வயது 71. இன்று காலையிலிருந்து இடது பாதம் சில்லிட்டு வெளிறிக் கிடக்கிறது. வலியில் துடிக்கிறார். இந்தக் கருவி வைத்திருப்பவர் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா, டொக்டர்?

கருவியைத் தேட வேண்டாம், மகள். இப்போதே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இது காலுக்குப் போகும் நாடி திடீரென அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் முதல் ஆறு மணி நேரம் மிகவும் முக்கியம். அதன் பிறகு தசையைக் காப்பாற்றுவது மணிக்கு மணி கடினமாகும். உருவ வேண்டாம். சூடு ஒத்தடமும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் தோல் வெந்து போவது அவருக்கே தெரியாது. வலி தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள்.

நிலாவெளி: அப்பாவுக்குக் கொழும்பில் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து பஸ்ஸில் அழைத்து வந்தோம். இப்போது அந்தக் கால் வீங்கியிருக்கிறது. குருதி உறைந்திருக்கலாம் என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் கருவி அதை எப்படிக் காட்டும்?

பள்ளியில் படித்த அதே சொற்களில் சொல்கிறேன். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவருவது நாடி. திரும்பக் கொண்டுபோவது நாளம். கருவியில் உடம்பைத் தொடும் முனை புரோப். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்க உதவும். தொடை மடிப்பில் ஜெல் பூசி அதை வைத்தால் இரண்டும் அருகருகே இரண்டு கறுப்பு வட்டங்களாகத் திரையில் தெரியும். மெதுவாக அழுத்துவேன். நாடி துடித்துக்கொண்டு வட்டமாகவே நிற்கும். நாளத்தின் சுவர் மெல்லியது. கண்ணிமை மூடுவதுபோல் ஒட்டிக்கொள்ளும். கையைத் தளர்த்தினால் மீண்டும் திறக்கும். அழுத்தியும் மூடாவிட்டால் உள்ளே உறைவு இருக்கிறது. புதிய உறைவு குருதியைப் போலவே கறுப்பாகத் தெரியக்கூடும். அதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் அழுத்திப் பார்க்கிறோம். இந்த ஒரு கேள்விக்குச் சிறிய கருவி போதும். பிடிக்கும் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. மூதூர்ப் பக்கத்து மீனவர். தசைப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு கிழமை எண்ணெய் தேய்த்து உருவியபின் வந்தார். புரோப்பை வைத்தவுடன் உறைவின் நுனி குருதியோடு அசைவது தெரிந்தது. அதற்கு மேல் அழுத்தாமல் கையை எடுத்துவிட்டேன். அந்த நுனி அறுந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அப்பாவை இன்றே வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

கிண்ணியா: ஸ்கேன் படத்தில் சிவப்பும் நீலமும் இருந்தன. நீலம் கெட்ட இரத்தமா?

இல்லை, நானா. புரோப்பை நோக்கி வரும் ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ஓட்டத்துக்கு நீலம் என்று வைப்பது வழக்கம். புரோப்பின் சாய்வை மாற்றினால் அதே குழாய் நிறம் மாறிவிடும். சீனக்குடா நிலையத்தில் நிற்கும்போது ரயில் ஊதிக்கொண்டு வந்தால் ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் கனமாகவும் கேட்கிறதல்லவா? கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் சொன்ன விதி அது. 1845இல் நெதர்லாந்தில் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி ஊத வைத்தே அதைச் சோதித்தார்கள். இங்கே ரயிலுக்குப் பதில் செங்குருதிக் கலங்கள். ஓட்டத்துக்குச் செங்குத்தாகப் புரோப்பைப் பிடித்தால் ஓடுகிற குருதியும் ஓடாததுபோல் தெரியும். பழகாதவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

கன்னியா: இதற்கு ஒரு செயலி இருக்கிறதாம். போனில் இறக்கிக்கொண்டால் போதுமா?

போதாது, தம்பி. புரோப் இல்லாமல் வெறும் போனை வைத்து உடம்புக்குள் பார்க்க முடியாது. அப்படிச் சொல்லும் செயலி பொய் சொல்கிறது.

திருகோணமலை நகரம்: எனக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா? மகன் கனடாவிலிருந்து அனுப்புவதாகச் சொல்கிறான்.

மகனின் அன்பு புரிகிறது. ஆனால் வேண்டாம், அம்மா. போனோடு இணையும் கருவிக்கு அமெரிக்காவில் 2011இலேயே அனுமதி கிடைத்தது. 2017இல் அனுமதி பெற்ற பட்டர்ஃபிளை ஐக்யூ, பழைய படிகங்களுக்குப் பதில் சிலிக்கன் சில்லில் ஒலியை உண்டாக்கியது. அறிவித்த விலை 2,000 அமெரிக்க டொலருக்குச் சற்றுக் கீழே, சந்தா தனி. விலை குறைந்ததால் வீட்டுக்கே வாங்கலாம் என்ற எண்ணம் வருகிறது. குருதியழுத்தமானி ஓர் எண்ணைக் காட்டும், எழுதிக்கொள்ளலாம். இது படத்தைக் காட்டும். அதை வாசிக்க ஆள் வேண்டும். எல்லாம் சரி என்று நீங்களே நினைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

உங்களுக்கு இதைவிடப் பயன்படும் சோதனை ஒன்று உண்டு. படமே வராது. டொப்ளர் விதியில் இயங்கும் பேனா அளவுக் கருவியைக் கணுக்காலில் வைத்து ஒலியைக் கேட்பார்கள். நல்ல நாடியில் ஒவ்வொரு துடிப்பும் சாட்டை சுழற்றியதுபோல் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று அடுக்காய் ஒலிக்கும். அடைப்புக்குக் கீழே ஒரே இழுவையாய் ஊதுவதுபோல் கேட்கும். பிறகு கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் நாடி சுருங்கியிருக்கிறது. 1.4க்கு மேல் போனால் நிம்மதி அடைய வேண்டாம். நீண்டகால நீரிழிவில் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். குருதியழுத்தமானியின் பட்டியால் அதை அமுக்க முடியாததால் எண் பொய்யாக ஏறும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள். கோயில் வெளிவீதியில் வெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

இறக்கக்கண்டி: சிலிண்டரோடு கடலட்டைக்குக் குளிப்பவன். மேலே வந்தபின் தோள்மூட்டு குத்துகிறது. குருதிக்குள் காற்றுக்குமிழ் இந்தக் கருவியில் தெரியுமா?

தெரியலாம். குமிழ் ஒலியைப் பலமாகத் திருப்பியடிப்பதால் இதய ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகப் பறக்கும். ஆனால் நோவே இல்லாத பலரிடமும் குமிழ் தெரிகிறது. தெரியாத ஒருவர் நோயில்லாதவர் என்றும் சொல்ல முடியாது. ஆகவே தீர்மானிப்பது அறிகுறிதான், தம்பி. மூட்டுவலி, விறைப்பு, தலைசுற்று, சிறுநீர் போகாமை, இவற்றில் எது வந்தாலும் படுத்துக்கொண்டு ஒக்சிசன் எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைச் சுருக்கும் அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். வலி தீருமென்று மறுபடி கடலுக்குள் இறங்குகிற பழக்கம் நம் கரையில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூதூர்ப் பக்கத்து வைத்தியர்: எங்கள் சிறிய வைத்தியசாலைக்கு ஒருவர் இந்தக் கருவியை நன்கொடையாகத் தர முன்வந்திருக்கிறார். வாங்கலாமா, சேர்?

வாங்குங்கள். வீட்டுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் உங்களுக்கு வேண்டும் என்கிறேன். இரவில் ஒரு வீங்கிய காலை நகரத்துக்கு அனுப்புவதா, காலைவரை வைத்திருப்பதா என்று தவிப்பது நீங்கள்தான்.

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான கருவியா என்று முதலில் பாருங்கள். எந்தப் போனோடு வேலை செய்யும், சந்தாவை ஆண்டுதோறும் யார் கட்டுவார் என்பதையும் நன்கொடையாளரிடம் இப்போதே பேசுங்கள். சந்தா நின்றபின் அலுமாரியில் உறங்கும் கருவியால் யாருக்கும் பயனில்லை. நோயாளியின் படம் சொந்தப் போனில் தங்கக் கூடாது.

தொடை மடிப்பு, முழங்காலின் பின்புறம் என்ற இரண்டு இடங்களில் பழகத் தொடங்குங்கள். நல்ல கால்களையே நிறையப் பாருங்கள். நல்லது கைக்குப் பழகினால்தான் கெட்டது தட்டுப்படும். மூடவில்லை என்றால் அனுப்புங்கள். மூடியும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கிழமைக்குள் மறுபடி பார்க்க வேண்டும், ஏனெனில் கெண்டைக்கால் உறைவு மேலே ஏறக்கூடும். கர்ப்பிணிகளில் கூடுதல் கவனம்: இடுப்புக்குள் இருக்கும் நாளத்தை அழுத்திப் பார்க்க முடியாது, உறைவு அங்கேயே இருக்கலாம். கழுத்து நாடியின் சுருக்கத்தை அளக்கும் வேலையைப் பெரிய இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஜெல் முடிந்தால் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், புரோப்பின் இறப்பர் முகம் கெட்டுவிடும். கருவி வந்ததும் எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை வந்து உங்களோடும் தாதிமாரோடும் உட்காருகிறேன். ஜெல் போத்தல் இரண்டு நான் கொண்டுவருகிறேன்.