கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒன்பது ‘ஆர்’: அம்மாவுக்கு இனி எந்த மருந்தும் கேட்காதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. ஆறு மாதத்தில் இது மூன்றாவது சிறுநீர்த் தொற்று. முதல் இரண்டு முறையும் மாத்திரையிலேயே சரியானது. இந்த முறை எரிச்சல் தொடங்கியதும், முன்பு மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் போட்டுக்கொண்டார், கேட்கவில்லை. யூரின் கல்ச்சர் செய்ததில் ஈ.கோலை என்ற கிருமி, இஎஸ்பிஎல் வகை என்று வந்திருக்கிறது. 14 மருந்துகளில் 9-க்கு ‘ஆர்’ (கேட்காது) என்று போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, விலா, இடுப்புப் பக்கம் வலி இல்லை. மெரோபெனம் ஊசிதான் போட வேண்டும் என்கிறார்கள். இனி எந்த மருந்தும் அம்மாவுக்கு வேலை செய்யாதா? ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு எம்ஐசி 0.25, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16. எண் குறைவாக உள்ளதுதானே வீரியமான மருந்து? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ‘அம்மாவுக்கு மருந்து கேட்கவில்லை’ என்று சொல்லிச் சொல்லி, அவர் உடம்பே மருந்தை மறந்துவிட்டது போல நினைத்துக்கொள்கிறோம். மருந்துக்குக் கேட்காதது கிருமி. அதுவும் இந்த முறை சிறுநீரில் வளர்ந்த இந்த ஒரு கிருமி. நாளைக்கே வேறொரு கிருமியால் அவருக்கு நெஞ்சுச் சளி வந்தால், மிகச் சாதாரண மருந்தே போதுமானதாக இருக்கலாம்.

அந்த 9 ‘ஆர்’ எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பரிசோதனைக்கூடத்தில் சிறுநீரில் ஒரு துளியை எடுத்து, கூழ் போல உறைந்த ஊட்டப்பொருள் உள்ள வட்டத் தட்டில் தடவி, உடல் சூட்டில் ஒரு இரவு வைக்கிறார்கள். காலையில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். அதில் ஒன்றை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னஞ்சிறு காகித வில்லைகளை வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால், மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி வெறிச்சென்று ஒரு வட்டம் இருக்கும். வேலை செய்யாத வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். அதுதான் ‘ஆர்’. இப்போது பல இடங்களில் இந்த வேலையை இயந்திரமே செய்து எண்ணாகத் தருகிறது. எப்படிச் செய்தாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். ரிப்போர்ட் ஏன் தாமதம் என்று கோபித்துப் பயனில்லை.

இஎஸ்பிஎல் என்பது கிருமியின் பெயரே இல்லை. கிருமி சுரக்கும் ஒரு நொதியின் பெயர். பென்சிலின் வகையையும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற செஃபலோஸ்போரின் மருந்துகளையும் இந்த நொதி உடைத்துப் போட்டுவிடும். ரிப்போர்ட்டில் இந்தக் குடும்ப மருந்துகளே நாலைந்து வரிசையாக இருக்கும். அதாவது ஒரே காரணத்துக்காக விழுந்த பல ‘ஆர்’களை நீங்கள் தனித்தனியாக எண்ணியிருக்கிறீர்கள். ‘ஆர்’ எத்தனை என்பதில் எனக்கு அக்கறை கிடையாது. வேலை செய்யும் என்று பொருள்படும் ‘எஸ்’ எதற்கு, தொற்று எங்கே இருக்கிறது என்ற இரண்டைத்தான் பார்ப்பேன்.

எம்ஐசி என்பது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்து அளவு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை ‘எஸ்’. மெரோபெனம் 1 வரைதான் ‘எஸ்’. ஆகவே 16-ஐயும் 0.25-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, ஒருவரின் எடையையும் இன்னொருவரின் உயரத்தையும் ஒப்பிடுவது மாதிரி. இரண்டுமே உங்கள் அம்மாவின் கிருமிக்கு எதிராக வேலை செய்யும். அதோடு, நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் போய்ச் செறிவாகச் சேருகிற மருந்து.

இனி ஊசி விஷயம். காய்ச்சல் இல்லை, விலாப்பக்கம் வலி இல்லை, எரிச்சலும் அடிக்கடி போவதும் மட்டும்தான் என்றால், தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்று பொருள். அந்த இடத்துக்கு, இஎஸ்பிஎல் கிருமியாகவே இருந்தாலும், வாய்வழி மருந்து போதும். ‘எஸ்’ என்று வந்திருந்தால், நைட்ரோஃபுரான்டாயின் வழக்கமாக 5 நாள். அல்லது ஃபாஸ்ஃபோமைசின் பொடி 3 கிராம், தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு முறை. நைட்ரோஃபுரான்டாயினுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அந்த மருந்து சரிப்படாது. சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. சிறுநீர் பழுப்பாகப் போனால் பதற வேண்டாம், அது மருந்தின் நிறம். அம்மாவை நேரில் பார்த்தவர் அவருடைய மருத்துவர்தான், ஆகவே அவரிடமே, “தொற்று சிறுநீர்ப்பையில் மட்டும்தானா? அப்படியானால் வாய்வழி மருந்து போதுமா?” என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் குளிரோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, திடீர்க் குழப்பம், மயக்கம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கதை மாறிவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நைட்ரோஃபுரான்டாயின் ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதுமான அளவு சேராது. அப்போதுதான் மெரோபெனம் அல்லது எர்டாபெனம் ஊசிக்கு உண்மையான வேலை. இங்கே ஒரு வலை உண்டு. பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஊசிக்கும் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ இருக்கலாம். செஃப்ட்ரையாக்ஸோனுக்குக் கேட்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் ரத்தத்தில் கலந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதையும் மற்றவர்களுக்கு மெரோபெனத்தையும் கொடுத்து ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018-ல் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பைபராசிலின் பக்கம் 12.3 சதவீதம், மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம். தட்டில் வட்டம் தெரிந்த மருந்தெல்லாம் ரத்தத்தில் அதே மாதிரி வேலை செய்துவிடாது. மெரோபெனம் போன்றவற்றைச் சின்னத் தொற்றுக்கு வீணடிக்க நாங்கள் தயங்குவதும் இதனால்தான். அதற்கும் கேட்காமல் போனால், அடுத்து இருப்பவை கொலிஸ்டின் மாதிரி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்துகளும், கிடைப்பதற்கு அரிய சில புதிய மருந்துகளும்தான்.

மிச்ச மாத்திரை பற்றித் திட்டப் போவதில்லை. அநேகமாக எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நடந்தது இது: ஈ.கோலையின் சொந்த வீடு குடல். மாத்திரையை விழுங்கினால் அது குடலிலும் பாய்கிறது. அங்கே சாதுவான கிருமிகள் செத்து, நொதி வைத்திருப்பவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறி வருவது அவற்றில் ஒன்று. இன்னொரு கெடுதல், ஆன்டிபயாடிக் போட்ட பிறகு கல்ச்சர் எடுத்தால் எதுவுமே வளராமல் போகலாம். முதல் மாத்திரைக்கு முன்பே, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுப்பதுதான் முறை.

எரிச்சல் போய்விட்டால் ‘கிருமி போயிற்றா’ என்று மறுபடி கல்ச்சர் எடுக்காதீர்கள். இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். பணியின் தொடக்க காலத்தில், சிறுநீர்க் குழாய் பொருத்திய ஒரு முதியவருக்கு மாதாமாதம் கல்ச்சர். மாதாமாதம் ஏதாவது வளரும், நானும் ஏதாவது மருந்து எழுதுவேன். மனிதர் நன்றாகத்தான் இருந்தார். “எனக்கு ஒன்றும் செய்யலையே டாக்டர்” என்று அவரே சொன்னார். ஐந்தாவது ரிப்போர்ட்டில் இரண்டு மருந்துக்கு மட்டும் ‘எஸ்’. தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது வயதானவர்களிடம் சகஜம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர அதற்கு மருந்து வேண்டாம். சிறுநீர் கலங்கலாக இருப்பதோ நாற்றமடிப்பதோ மட்டும் தொற்று ஆகாது.

திரும்பத் திரும்ப வருகிறதே என்பதற்கு: மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜென் க்ரீம் தொற்று திரும்புவதைக் குறைக்கிறது. இதைப் பற்றிப் பேசப் பல அம்மாக்கள் கூச்சப்படுகிறார்கள், மருத்துவர்களும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். சர்க்கரை அளவு, கல், சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்குகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

குழந்தையை அம்மா தாராளமாகக் கொஞ்சலாம். இந்தக் கிருமி காற்றில் பரவாது; கழிப்பறைக்குப் போய்வந்த கையால்தான் பரவும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், தனித் தட்டு, தனி அறை எல்லாம் வேண்டாம்.

ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அதற்குள் என்றைக்காவது அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து அவசரமாக ஓட நேர்ந்தால், புதிய கல்ச்சர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் ஊசியை முதல் மணி நேரத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, போனதும் முதலில் அதைக் காட்டுங்கள்.