பவர் பேங்க் எந்தப் பெட்டியில் போகும்?

கேள்வி: என் அண்ணன் குவைத்தில் எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறார். லீவு முடிந்து அடுத்த வாரம் கிளம்புகிறார். எமிரேட்ஸில் திருவனந்தபுரம் – துபாய் – குவைத் டிக்கெட். போன தடவை பெட்டிக்குள் வைத்த பவர் பேங்க்கை ஏர்போர்ட்டில் எடுத்துவிட்டார்கள். இந்த முறை கையில் கொண்டுபோகலாம் என்று 30,000 எம்ஏஎச்சில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம். 'பிளைட்டில் இனி பவர் பேங்க்கே கூடாது' என்கிறார் டிராவல்ஸ்காரர். இதுபோக லேப்டாப், கார்ட்லெஸ் டிரில், அதன் 18 வோல்ட் 5 ஏஎச் பேட்டரி இரண்டு, பக்கத்து வீட்டு அக்கா மகனிடம் கொடுக்கச் சொல்லித் தந்த ஒரு பழைய டேப் (டேப்லெட்) எல்லாம் இருக்கிறது. எதை எங்கே வைப்பது? – ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அந்த 30,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த டிக்கெட்டில் அது பெட்டியிலும் போகாது, கையிலும் போகாது. டிராவல்ஸ்காரர் சொன்னது பாதி சரி. பவர் பேங்க்கைக் கொண்டுபோகலாம்; விமானத்துக்குள் பயன்படுத்தத்தான் கூடாது.

விமான நிறுவனங்கள் எம்ஏஎச் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது வாட் அவர், அதாவது பேட்டரிக்குள் மொத்தம் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்ற எண். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பவர் பேங்க்குக்குள் இருக்கும் லித்தியம் செல்லின் வோல்டேஜ் பெரும்பாலும் 3.7. ஆகவே 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் அவர், 20,000 என்றால் 74, 27,000 என்றால் 99.9. உங்களுடையது 111. நூறைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கில் பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். பவர் பேங்க்கின் யுஎஸ்பி துளை 5 வோல்ட் தருகிறது என்று பார்த்துவிட்டு 5-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிப் போட்டால் 20,000 எம்ஏஎச் நூறு வாட் அவர் ஆகிவிடும், வீணாகப் பயப்பட வேண்டிவரும். உள்ளே இருக்கும் செல்லின் வோல்டேஜைத்தான் எடுக்க வேண்டும். நல்ல கம்பெனிப் பொருளில் வாட் அவர் எண்ணையே, ஆங்கிலத்தில் டபிள்யூ, எச் என்ற இரண்டு எழுத்துகளுடன் அச்சிட்டிருப்பார்கள். அது இருந்தால் கணக்கே வேண்டாம்.

உலக அளவில் உள்ள பொது விதி மூன்று படிகள் கொண்டது. 100 வாட் அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. இது உச்சவரம்புதான், ஒவ்வொரு நிறுவனமும் இதற்குக் கீழே தன் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் போட்டிருக்கும் கோடு கடுமையானது. ஆளுக்கு ஒரே ஒரு பவர் பேங்க், அதுவும் 100 வாட் அவருக்குள். அதன் திறன் மேலே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விமானத்தில் அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது. சீட்டில் உள்ள பிளக்கிலிருந்து பவர் பேங்க்குக்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. தலைக்கு மேலுள்ள லாக்கரில் வைக்கக் கூடாது. சீட் பாக்கெட்டில் அல்லது முன்சீட்டுக்கு அடியில் உள்ள பையில்தான் இருக்க வேண்டும்.

எமிரேட்ஸ் மட்டும் இப்படி என்று நினைத்து டிக்கெட்டை மாற்றிப் பயனில்லை. தாய் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை 2025 மார்ச், ஏப்ரலிலேயே விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்பாட்டை நிறுத்திவிட்டன. இந்தியாவின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவும் அதே வழிக்கு வந்திருக்கிறது. சீனாவில் 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டுத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்க்கையே ஏற்றுவதில்லை. எல்லோரையும் உலுக்கியது 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்தது. தீ தொடங்கியது லாக்கரில்; பவர் பேங்க் மீதே சந்தேகம் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள், விமானத்தின் மேற்கூரை எரிந்து திறந்துகொண்டது.

ஆகவே 20,000 எம்ஏஎச்சுக்கு மேற்படாத ஒன்றை, எழுத்து அழியாத ஒன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தேய்ந்துபோனதைப் பேனாவால் எழுதிக் காட்டினால் செல்லாது. சந்தையில் '50,000 எம்ஏஎச்' என்று போட்டு, கையில் எடுத்தால் சோப்புக் கட்டி கனம்கூட இல்லாமல் விற்பதும் உண்டு. உள்ளே அந்தச் சக்தி கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், செக்யூரிட்டிக்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் லேபிளைத்தான் பார்ப்பார். பொய் எண்ணுக்காகவே பொருள் பறிபோகும்.

போன தடவை பெட்டியிலிருந்து எடுத்தார்களே, அதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. லித்தியம் செல்லுக்குள் நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. அது அடிபட்டோ, தயாரிப்புக் குறையாலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறியோ கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூடு செல்லின் ரசாயனத்தைச் சிதைக்கும், சிதைவு இன்னும் சூட்டைக் கிளப்பும், எரியும் வாயு வெளிவரும், ஒரு செல் பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். விமானத்தின் அடிப்பகுதியில் ஹாலோன் என்ற தீயணைப்பு வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும். செல்லுக்குள் தானாக ஏறிக்கொண்டே போகும் சூட்டை நிறுத்தாது. பறக்கும்போது அங்கே யாரும் இறங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது. மேலே ஆட்கள் இருக்கும் இடத்தில் புகைந்தால் உடனே தெரியும். பணியாளர்கள் முதலில் சுவாலையை அணைத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருப்பார்கள். லாக்கர் கூடாது என்பதும் இதனால்தான். மூடிய லாக்கருக்குள் பைகளுக்கு நடுவில் புகைய ஆரம்பித்தால் வெளியே தெரியச் சில நிமிடம் ஆகும், அந்த நிமிடங்கள்தான் முக்கியம்.

2017 மார்ச்சில் இதற்கு நேர் எதிராக ஒரு விதி வந்தது. துபாய், அபுதாபி, தோகா, குவைத் உட்பட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள், போனைவிடப் பெரிய எந்தக் கருவியையும் கையில் கொண்டுவரக் கூடாது, அடிப்பெட்டியில் போட வேண்டும் என்றார்கள். பயம் வெடிகுண்டைப் பற்றியது. ஒரு பயத்துக்காக நூற்றுக்கணக்கான லேப்டாப் பேட்டரிகளை யாரும் எட்ட முடியாத இடத்தில் குவிப்பது இன்னொரு ஆபத்து என்று விமானத் துறையினரே அப்போது எச்சரித்தார்கள். அந்த ஆண்டு ஜூலைக்குள் தடை விலகியது. வளைகுடாவில் இருக்கும் சிலர் அந்தப் பழைய தகவலை இன்னும் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்; நம்பி லேப்டாப்பைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

டிரில் விஷயத்தில் மெஷின் வேறு, பேட்டரி வேறு என்று பிரிக்க வேண்டும். டிரில் மெஷின், பிட்டுகள், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கருவிகள், கைப்பையில் விடமாட்டார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெரிய பெட்டியில் போடுங்கள். கழற்றிய பேட்டரி பெட்டியில் போகக் கூடாது, கைக்கு வர வேண்டும். ஒரு ஏஎச் என்பது ஆயிரம் எம்ஏஎச், ஆகவே இங்கே ஆயிரத்தால் வகுக்க வேண்டாம்; 18 வோல்ட்டை 5 ஏஎச்சால் பெருக்கினால் 90 வாட் அவர், உங்களுடைய இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன. அதே 18 வோல்ட்டில் 6 ஏஎச் என்றால் 108. ஒப்புதல் கேட்க வேண்டிய வகை. இரண்டின் உலோக முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் வெறும் பேட்டரியைப் போடுகிறவர்களில் எலெக்ட்ரீஷியன்களும் உண்டு. டூல் பேட்டரியைப் பார்த்ததும் செக்யூரிட்டியில் சந்தேகம் வருவது சகஜம். வாட் அவர் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். எமிரேட்ஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும்.

லேப்டாப் கையில். இடமில்லாமல் பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஷட் டவுன் செய்திருக்க வேண்டும். மூடியை மட்டும் சாத்தினால் அது தூங்குகிறது, அணையவில்லை. துணிகளுக்கு நடுவில் விழித்துக்கொண்டால் சூடேறும். பழைய டேப்பை ஒரு மேஜை மேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஆடினால், அல்லது திரை ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரியைக் கையிலும் கொண்டுபோகக் கூடாது, அக்காவிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் சார்ஜ் ஏற்றி, ஆன் ஆகும் நிலையில் கொண்டுபோக வேண்டும். 'போட்டுக் காட்டு' என்று கேட்டால் காட்டத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே லாக் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏத்தங்காய் சிப்ஸுக்கும் சக்கை வற்றலுக்கும் நடுவில் பவர் பேங்க் மறந்து கிடந்தால், பெட்டியை ஏற்றுவதற்கு முன் எக்ஸ்ரேயில் பிடிபடும். உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். அறிவிப்பு காதில் விழாமல் நீங்கள் உள்ளே போய்விட்டால் பெட்டி இங்கேயே நின்றுவிடும். கொப்பரைக்கும் இதே கதிதான். தானாகச் சூடேறும் பொருள் என்ற கணக்கில் அது வருகிறது. நம் மாவட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூடச் சறுக்கும் இடம் விமானத்தின் வாசல். லாக்கர் நிறைந்துவிட்டது என்று சொல்லி, கடைசியாக ஏறுகிறவர்களின் கைப்பைக்குச் சீட்டுக் கட்டி அடியில் அனுப்புவார்கள். அந்தப் பைக்குள்தான் பவர் பேங்க்கும் டிரில் பேட்டரியும் இருக்கும். அவசரத்தில் யாரும் கேட்கவும் மாட்டார்கள், நினைவும் வராது. அதனால் பேட்டரி உள்ள சாமான்களை ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, அதைக் கைப்பைக்குள் மேலாக வையுங்கள். பையைக் கேட்டால் துணிப்பையை உருவிக்கொண்டு பையைக் கொடுத்துவிடலாம். செக்யூரிட்டி டிரேயில் பவர் பேங்க்கைத் தனியாக எடுத்து வைக்கவும் இதுவே வசதி. துபாயில் இறங்கி மாறும்போது மறுபடியும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

பவர் பேங்க் பயன்படாது என்றால் போன் எப்படித் தாங்கும்? கருங்கலில் கிளம்பி குவைத்தில் வெளியே வரும்வரை கணக்குப் போட்டால் அரைநாளுக்கு மேல் ஆகிவிடும். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தைக் கார் சார்ஜருக்குக் கொடுங்கள். காத்திருக்கும் ஹாலில் பவர் பேங்க் பயன்படுத்தத் தடையில்லை. ஏறுவதற்கு முன் போனை நிரப்பிவிட வேண்டும். சீட்டில் யுஎஸ்பி இருந்தால் போனை நேரடியாக அதில் போடலாம், மெதுவாகத்தான் ஏறும். எப்படியானாலும் டிக்கெட், விசா, தங்குமிட முகவரி மூன்றையும் காகிதத்தில் ஒரு பிரதி வைத்திருக்கட்டும். இமிக்ரேஷன் வரிசையில் போன் அணைந்துபோனால் பக்கத்தில் நிற்பவரின் சார்ஜர் உதவிக்கு வராது.

பிளைட் மோட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சார்ஜோடு சேர்ந்ததுதான். உயரத்தில் டவர் கிடைக்காத போன் தன் முழுச் சக்தியிலும் கத்திக் கத்தித் தேடும். பேட்டரி அதில்தான் கரையும். விமானிகளின் ஹெட்போனில் விழும் 'டிக்-டிக்-ட்ர்ர்' இரைச்சலும் அதனால் வருவதே. இந்தியாவில் 2014 முதல் பிளைட் மோடில் வைத்தால் பயணம் முழுக்கப் போனைப் பயன்படுத்தலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் லேப்டாப்பை மடக்கி உள்ளே வைக்கச் சொல்வது சிக்னலுக்காக இல்லை. குலுங்கினால் அது பறந்துபோய் யாரையாவது தாக்கும், அவசரத்தில் வழியை மறிக்கும். 'ஏறிட்டேன்' என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கதவு மூடும் முன் சொல்லிவிடட்டும்.

போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை முன்னே பின்னே ஆட்டிப் பார்க்கவே கூடாது. இரும்புச் சட்டத்தில் நசுங்கினால் அங்கேயே புகைய ஆரம்பிக்கும். பட்டனை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள். பையிலோ கையிலோ ஏதாவது வழக்கத்துக்கு மீறிச் சூடானால், இனிப்பும் ரசாயனமும் கலந்த மாதிரி வாடை வந்தால், மறைக்காமல் உடனே சொல்லுங்கள். போர்வையில் சுற்றக் கூடாது.

வழியனுப்ப வருகிறவர்கள் உடனே ஊருக்குத் திரும்பாதீர்கள். கவுன்டரில் ஏதாவது வேண்டாம் என்று சொன்னால், அண்ணன் உள்ளே போனபிறகு வெளியே கொண்டுவந்து தருவது எளிதல்ல. பொருள் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். சந்தேகமான சாமானை வாசலிலேயே உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. செக்யூரிட்டி தாண்டிவிட்டேன் என்று போன் வந்தபிறகு கிளம்புங்கள்.

திரும்பி வரும்போது ஒன்று. வளைகுடாவில் படகில் வேலை செய்யும் நம் கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது 'இதை வீட்டில் கொடுத்துவிடு' என்று துரையா அல்லது இரிடியம் சாட்டிலைட் போனைத் தந்தால் வாங்க வேண்டாம். அங்கே கடையில் சாதாரணமாக விற்பதுதான், இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். பேட்டரி வரம்புக்குள் இருக்கிறதா என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். போன் பறிமுதலாகும், கொண்டுவந்தவர் மீது வழக்கு வரும்.