வாசகர் கேள்வி: பாசி மஞ்சளானால் கொட்டிவிடாதீர்கள்

கேள்வி: சைனகோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை (சயனோபாக்டீரியா) பி.ஜி.11 ஊடகத்தில், அதாவது பாசி வளர்க்கும் சத்துக்கரைசலில், மூன்று வாரம் வளர்த்தோம். கரும்பச்சையாக அமோகமாக வந்தது. அது செல்லுக்குள் சேமிக்கும் மட்கும் பிளாஸ்டிக்கான பி.எச்.பி. மட்டும் பெயருக்குக்கூட இல்லை. ஏன்?
– நுண்ணுயிரியல் மாணவி, தாம்பரம்

பதில்: அமோகமாக வளர்ந்ததுதான் காரணம். நைட்ரஜன் கிடைக்கிறவரை அது புரதம் கட்டிப் பெருகிக்கொண்டே இருக்கும். தட்டுப்பாடு வந்தால்தான் கார்பனை முதலில் கிளைகோஜனாகவும் பிறகு பி.எச்.பி. மணிகளாகவும் பதுக்கும். உங்கள் ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. அது லேசில் தீராது.

வளர்ந்த செல்களை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, நைட்ரேட் போடாத பி.ஜி.11-இல் இரண்டு முறை கழுவி, அதிலேயே கலக்கி விடுங்கள். ஊடகத்தில் இரும்புச்சத்துக்காகப் போடும் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டிலும் கொஞ்சம் நைட்ரஜன் உண்டு. பதிலாக ஃபெரிக் சிட்ரேட் போடலாம். சில நாளில் குடுவை மஞ்சளாகும். பசியில் தன் நீலநிறமிப் புரதத்தையே அது கரைத்துத் தின்கிறது. செத்துவிட்டதென்று பலர் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்! விளக்கை அணைக்காமல் 30 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். சென்னை வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில் விளக்கை ஒட்டி வைத்த குடுவை 40-ஐத் தொட்டுவிடும், தள்ளி வையுங்கள்.

லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் சோடியம் அசிட்டேட் சேர்த்தால் மகசூல் கூடும். ஆனால் அசிட்டேட் என்றால் மற்ற பாக்டீரியாக்களுக்கும் விருந்து. ஒரு துளியை நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக்கூழ்) தேய்த்து இருட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் எது முளைத்தாலும் அது அழையா விருந்தாளி.

பிரித்தெடுக்கும்போது, உலர்ந்த செல்லை மெத்தனாலில் ஊறவைத்துப் பச்சையத்தை நீக்கிவிட்டு, பிறகு சூடான குளோரோஃபார்மில் கரைத்து வடிகட்டி, குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் பி.எச்.பி. வெள்ளையாகத் திரியும். எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), கண்ணாடிக் குழாயில். பாலிஸ்டைரீன் குழாயைக் குளோரோஃபார்ம் கரைத்துவிடும்; கடைசியில் கிடைக்கும் படலம் அந்தக் குழாயாகவே இருக்கலாம். மரபணு மாற்றாத இனத்துக்கு வெளிச்சமும் காற்றும் மட்டும் கொடுத்தால், உலர் எடையில் பத்து சதவீதம் கிடைத்தாலே நல்ல மகசூல். லிட்டருக்கு ஒரு கிராம் செல் என்றால், கைக்கு வருவது நூறு மில்லிகிராம்.

கேள்வி: பி.எச்.பி.யில் செய்த பையைக் கூவத்தில் போட்டால் கரைந்துவிடுமா?
– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: தண்ணீரில் கரையாது. பி.எச்.பி.யைச் செரிக்கும் நொதியுள்ள நுண்ணுயிரிகள் அரிக்க வேண்டும். அவை மண்ணிலும் சேற்றிலும் உண்டு. மெல்லிய படலம் மாதங்களில் போகும், தடித்த கிண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதற்காகக் கூவத்தில் போட வேண்டாம்.